ரெயின் செக் மாமா

நியூஜெர்சியில் மகன் வீட்டில் ஆறு மாதம் பேரனைப் பார்த்துக்கொண்டுவிட்டுக் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையம் திரும்பியதிலிருந்து மாமாவுக்கு 'முடியாது' என்ற சொல் வாயில் வருவதில்லை. "ரெயின் செக்" என்கிறார்.

கல்யாணப் பத்திரிகை நீட்டினால் ரெயின் செக். வைகாசி கருடசேவைக்கு விடிகாலையில் எழுப்பினால் போர்வைக்குள்ளிருந்து ரெயின் செக். ஆடிக்கூழுக்கு வசூல் கேட்டு வந்த பையன்களிடமும் "ரெயின் செக், கைஸ்" என்றார். பாவம், அவர்கள் காதில் பாதிதான் விழுந்தது. "செக்கெல்லாம் வேணாம் மாமா, ஜிபே பண்ணிடுங்க."

அர்த்தம் கேட்டால் தொலைந்தோம். திண்ணையில் உட்காரவைத்துவிடுவார். 1880களில் அமெரிக்காவில் பேஸ்பால் ஆட்டம் மழையால் நின்றுபோனால், இன்னொரு நாள் வந்து பார்க்கச் சீட்டுக் கொடுப்பார்களாம். அதுதான் ரெயின் செக். "இப்ப இல்ல, அப்புறம்னு பதவிசாச் சொல்றதுப்பா. கேட்டவன் மனசு நோகாது பாரு!" அந்தச் சீட்டோடு வந்தவனை மறுபடி உள்ளே விட்டார்களே, அந்த இடம் வரும்போது மட்டும் மாமாவுக்கு இருமல் வந்துவிடும்.

மற்றதெல்லாம் சில்லறை. அடுத்தவர் மேல் காப்பியைக் கொட்டினால் "மை பேட்". மூன்று நாடாவை ஓட்டி, கரையையும் உடலையும் ஊடை ஊடையாய்க் கோர்வை போடுகிறவனிடம் போய், "பீஸ் ஆஃப் கேக்!" பரீட்சைக்குக் கிளம்பிய என் பெண்ணை "பிரேக் எ லெக்" என்று வாழ்த்தினார். அர்த்தம் தெரிந்த பாட்டி உடனே உப்பு மிளகாய் சுற்றிப் போட்டாள்.

இதே ஊர்க்காரர் அண்ணா, 1968இல் யேல் பல்கலைக்கழகத்துக்கு இங்கிருந்து ஆங்கிலம் கொண்டுபோனார். மாமா அங்கிருந்து கொண்டுவந்திருக்கிறார். கணக்கு நேராகிவிட்டது.

ஒருநாள் அவரே சொன்னார். மகனும் மருமகளும் வேலைக்குப் போனபின் அங்கே பேச்சுத்துணை, பக்கத்து வீட்டு வெள்ளைக்காரப் பெரியவர் ஒருவர்தான். அவரைச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறார். அவர் சிரித்துக்கொண்டே "ரெயின் செக்" என்றாராம். மாமா அதை 'வருகிறேன்' என்று எடுத்துக்கொண்டு, மிளகு, சீரகம், சுக்கெல்லாம் தட்டிப் போட்டு, குடலை கிடைக்காததால் டம்ளரில் கோயில் இட்லி வேகவைத்து, ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார். "வரவே இல்லப்பா" என்றபோது அவர் குரலில் அமெரிக்கா துளியும் இல்லை. எனக்கே ஒருமாதிரி ஆகிவிட்டது.

ஆனால் மாமா எனக்கு மாமா மட்டுமல்ல, பட்டும் ஜரிகையும் கொடுத்து நெய்யச் சொல்கிற முதலாளியும்கூட. இரண்டு புடவைக் கூலி ஐப்பசியிலிருந்து நிற்கிறது. போனால் திண்ணை, காப்பி, ரெயின் செக். மழைக்குத் தறிக்குழியில் தண்ணீர் ஊறி, பாவு நமத்து, வாரக்கணக்கில் நாடா ஓடாமல் கிடந்தோம். மளிகைக் கடையில் நான் ரெயின் செக் என்று சொல்லிப் பார்க்கவில்லை, சொல்லவும் முடியாது.

மழை விட்டு மார்கழியும் பிறந்தாச்சு மாமா. சீட்டு என் கையில்தான் இருக்கிறது. உள்ளே விடுங்கள்.