தேங்காய் எண்ணெய் உறையும் ஊர்

கோயம்புத்தூர்க்காரர்களுக்குச் சிறுவாணித் தண்ணீருக்கு அடுத்த பெருமை ஊர் க்ளைமேட். அதற்கு ஆதாரம் கேட்டால் வானிலை மையத்துக்கெல்லாம் போக மாட்டோம். தேங்காய் எண்ணெய் பாட்டிலை எடுத்து வந்து கவிழ்த்துக் காட்டுவோம். ஒரு சொட்டு விழாது. "பாத்தீங்களா, என்ன குளிருன்னு!" 24 டிகிரிக்குக் கீழே போனாலே தேங்காய் எண்ணெய் கட்டியாகிவிடும் என்று யாராவது சொன்னால், அவர் நிச்சயம் வெளியூர்க்காரர்.

மார்கழியில் ரேஸ்கோர்ஸில் நடப்பவர்களில் பாதிப் பேரை அடையாளம் தெரியாது. 18 டிகிரிக்கு ஸ்வெட்டர், மப்ளர், குரங்குக் குல்லா, காதில் பஞ்சு. கடன் வாங்கியவர்கள் தலை நிமிர்ந்து நடக்கும் மாதம் அது. வீட்டிலோ இரண்டு போர்வை, அதற்கு மேலே ஓடும் ஃபேன். அது ஓடாவிட்டால் தூக்கம் வராதாம்.

இப்பேர்ப்பட்ட வீரர்கள்தான், ஊட்டியில் உறைபனி என்று செய்தி வந்ததும் நடுராத்திரியில் காரைக் கிளப்புகிறோம். என் மச்சான் ஒருவர் இதில் முன்னணி. 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்கு வண்டியில் போக இ-பாஸ் வேண்டும். அதை மறக்காமல் எடுத்தவர், ஸ்வெட்டரை வீட்டிலேயே விட்டுவிட்டார். மேட்டுப்பாளையம் தாண்டும்வரை பாட்டு. குன்னூரில் பாட்டு நின்றது. ஊட்டியில் பல் தாளம் போட்டது.

ஊட்டியை அடுத்த தலைகுந்தாவில் இறங்கியபோது விடியவில்லை. புல்வெளி முழுக்க வெள்ளை. எங்களோடு வந்த பெரியம்மா மட்டும் வானத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏஞ்சாமி, மேலிருந்து எப்ப உளுகும்?"

விழவே விழாது. மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரை தன் சூட்டையெல்லாம் வானத்துக்குக் கொடுத்துவிடுகிறது. கனத்த குளிர்காற்று பள்ளத்தில் தேங்குகிறது. ஈரம் புல்லின் மேலேயே உறைகிறது. அதனால்தான் காந்தல், தலைகுந்தா, அவலாஞ்சி என்று பள்ளம் பார்த்துப் பனி படிகிறது. இதை விளக்கியதும் பெரியம்மா சொன்னார்: "இதுக்கா என்னத் தூக்கத்துல எழுப்பிக் கூட்டிட்டு வந்தே?"

மச்சான் கார் கூரையைச் சுரண்டி எலுமிச்சை அளவுக்குப் பனி சேர்த்து, அதைப் பிடித்தபடி பதினாறு கோணத்தில் போட்டோ எடுத்துக்கொண்டார். வெயில் வந்ததும் காஷ்மீர் கலைந்துவிட்டது.

டீக்கடைப் பக்கம் நெருப்பு மூட்டிக் குளிர்காய்ந்துகொண்டிருந்த ஆட்டோக்காரர் சிரித்தார். "உங்களுக்குப் போட்டோ. எங்களுக்கு ஆட்டோ ஸ்டார்ட் ஆகறதில்லைங்க." பக்கத்தில் நின்ற தேயிலை விவசாயி சிரிக்கவில்லை. உறைந்த கொழுந்தில் வெயில் பட்டால் செடி கருகிவிடும். மறுபடி துளிர்க்கும்வரை பறிக்க இலை இல்லை, பறிப்பவர்களுக்கு வேலையும் இல்லை. அதைத் தடுக்கச் செடிகளைப் புல் போட்டு மூடுகிறார்கள்; விடியுமுன் தண்ணீர் தெளிக்கிறார்கள். தாவரவியல் பூங்காவில் நாற்றுகளுக்கு மிலார் செடிகளால் போர்வை. அந்தச் செடிகளுக்கு மேலே ஃபேன் ஓடுவதில்லை.

பனிக்குப் பழகிய கனடாவிலேயே, 1999 ஜனவரியில் டொரண்டோவில் பனி கொட்டித் தீர்த்தபோது, மேயர் மெல் லாஸ்ட்மன் ராணுவத்தையே கூப்பிட்டுவிட்டார். மற்ற கனடாக்காரர்கள் இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். நீலகிரிக்கு அந்தச் சிரமமில்லை. ராணுவம் வெலிங்டனில் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனாலும் யாரும் கூப்பிடவில்லை. ஒரு டீயைக் குடித்துவிட்டு வேலைக்குப் போகிறார்கள்.

தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். இரண்டும் சேர்ந்து பர்ஸைத் துளைப்பதைப் பெரியவர்கள் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். மேலே பனி இறங்கினால், கீழே மேட்டுப்பாளையம் வந்து சேரும் கேரட்டின் விலை ஏறும். குளிரில் மொட்டு குறைந்து சத்தியமங்கலம் மல்லிகை கிலோ ஆயிரங்களுக்குப் போகும். தை முகூர்த்தத்தில் பெண்ணுக்குக் கல்யாணம் வைத்தவர், நகைக்கடையில்கூட அவ்வளவு வியர்த்திருக்க மாட்டார். போட்டோவுக்குக் கிளம்பும்போது மலை நமக்குப் பக்கத்து ஊர். கேரட் விலை கேட்டதும், "மலைக்காரங்க கொள்ளை அடிக்கறாங்க" என்று வேற்று நாடாகிவிடுகிறது.

பனி பார்க்கத் தாராளமாகப் போங்கள். உறைந்த புல்லை மட்டும் மிதிக்காதீர்கள். மிதித்த இடம் கருகிப்போகும். செல்ஃபிக்காகத் தேயிலைக்குள் இறங்க வேண்டாம். திரும்பும் வழியில் கேரட் வாங்கினால், அன்றைக்கு ஒரு நாளாவது பேரம் பேசாதீர்கள். ஸ்வெட்டரை மறந்தாலும் பரவாயில்லை.