முதல் வண்டி

1980களில் அருப்புக்கோட்டைப் பக்கம் பாலவனத்தத்தில் நாங்கள் வண்டி பழகியபோது, எதை வாங்கலாம் என்று யாரும் யோசித்ததே இல்லை. தெரிந்தவர் வீட்டில் என்ன வண்டி நின்றதோ அதுதான் முதல் வண்டி. அநேகமாக அது டிவிஎஸ் 50 ஆகத்தான் இருக்கும். 1980ல் ஓசூரிலிருந்து வந்த மொபெட் அது. கியர் மாற்ற வேண்டாம், கிளட்ச் பிடிக்க வேண்டாம். பெட்ரோலோடு ஆயிலைக் கலந்து ஊற்றி, பெடலை மிதித்துக் கிளப்ப வேண்டும். பருத்தி மூட்டை, கரிமூட்டை, ஆட்டுக்குட்டி எதுவானாலும் ஏற்றலாம். கோடையில் வறண்டு கிடக்கும் கண்மாய்க்குள் உருட்டிக்கொண்டு போய்ப் பழகுவோம். விழுந்தால் முழங்கால் சிராய்ப்போடு சரி.

1985ல் ஹீரோ ஹோண்டா சிடி 100, யமஹா ஆர்எக்ஸ் 100 இரண்டும் வந்தன. ஆர்எக்ஸ் சத்தம் கேட்டால் வேலையைப் போட்டுவிட்டு ரோட்டுக்கு ஓடுவோம். ஆனால் எங்கள் கைக்கு அது வரப் பல வருஷம் ஆனது. அதற்குள் ரோடு பழகிவிட்டது, பயமும் பழகிவிட்டது. சின்ன வண்டி முதலில், பெரிய வண்டி பிறகு என்ற வரிசையை எங்களுக்கு வகுத்துக் கொடுத்தது அப்போதைய கைமுடை. அதை நான் நன்றியோடுதான் நினைக்கிறேன்.

இன்று அந்த வரிசை கிடையாது. அருப்புக்கோட்டைக்குப் போய்க் கொஞ்சம் முன்பணம் கட்டினால், மீதிக்குத் தவணை. லைசென்ஸ் எடுத்த கையோடு 200 சிசி வீட்டு வாசலில் நிற்கிறது. என் தங்கை மகனும் டியூக் 200தான் வேண்டும் என்றான். ஸ்பிளெண்டரைச் சொன்னேன். "என்ன மாமா, பெரியாளுக ஓட்டுற வண்டியைச் சொல்றீக?" என்றான்.

ஸ்பிளெண்டர் 8 குதிரைத்திறன், 110 கிலோ சொச்சம், சீட்டு உயரம் 785 மில்லிமீட்டர். டியூக் 200 ஏறத்தாழ மூன்று மடங்கு சக்தி, 150 கிலோவுக்கு மேல், சீட்டும் உயரம். ஷோரூமில் அவனை ஏறி உட்காரச் சொன்னேன். இரண்டு பக்கமும் பெருவிரல் நுனிதான் தரையைத் தொட்டது. வழுவழுவென்ற டைல்ஸ் தரையில், வண்டி நிற்கும்போதே அப்படி.

எங்கள் ரோடு டைல்ஸ் தரை இல்லை. திருச்சுழிப் பக்கம் அறுப்பு முடிந்தால் தார்ரோட்டில் சோளமும் கம்பும் காயும். அந்த மணிமேல் முன்பிரேக்கைப் பிடித்தால் சக்கரம் வழுக்கிவிடும். மழை பெய்தால் கரிசல் மண் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே அப்பிச் சக்கரத்தையே சுற்றவிடாது. திருப்பத்தில் ஆட்டுக்கிடை குறுக்கே வரும். சீமைக்கருவேல முள் குத்தினால், பஞ்சர் கடை வரை வெயிலில் தள்ள வேண்டும். இத்தனை இடத்திலும் புதுசாக ஓட்டுகிறவனைக் காப்பாற்றுவது ஊன்றிய காலும் தாங்குகிற எடையும்தான்.

இன்றைக்கு நல்லதும் இருக்கிறது. 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிக்கு, பிரேக் பிடிக்கும்போது சக்கரம் இறுகிவிடாமல் தடுக்கும் ஏபிஎஸ் கட்டாயம். அதற்குக் கீழே சிபிஎஸ்ஸாவது இருக்க வேண்டும். ஒரு பிரேக்கை அழுத்தினாலே இரண்டு சக்கரத்தையும் பிடிக்கிற அந்த சிபிஎஸ் வசதி எங்களுக்கு வாய்க்கவில்லை. அதனால் 100 முதல் 125 சிசிக்குள் புது வண்டி, அல்லது உள்ளூர் மெக்கானிக் பார்த்துச் சரியென்று சொன்ன பழைய வண்டி, இதுதான் முதல் வண்டி. டியூக் எங்கும் ஓடிப்போகாது, இரண்டு வருஷம் கழித்து வாங்கிக்கொள்ளலாம்.

பெற்றவர்களுக்கு ஒன்று. முன்பணம் கட்டுமுன் பிள்ளையை வண்டியில் உட்காரவைத்து, இரண்டு பாதமும் முழுசாகப் பதிகிறதா, எஞ்சினை அணைத்துவிட்டுப் பின்னால் தள்ள முடிகிறதா என்று பாருங்கள். தலைக்கவசத்தை அன்றே வாங்குங்கள். பதினெட்டு ஆகாத பிள்ளையிடம் கியர் வண்டிச் சாவியைக் கொடுக்காதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 199ஏ பிரிவின்படி, அவன் அந்தச் சட்டப்படி ஏதாவது குற்றம் செய்தால் உங்களுக்கு 25,000 ரூபாய் அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை.