குத்துவிளக்கும் குட்டிப் பற்சக்கரமும்

கேள்வி: பிலிமத்தலாவையில் பித்தளைக் குத்துவிளக்கு வார்ப்பதைப் பார்த்தேன். அதே முறையில் கைக்கடிகாரப் பற்சக்கரத்தையும் வார்த்துவிட முடியாதா?
– ஒரு வாசகி, கட்டுகஸ்தோட்டை

பதில்: வார்க்கலாம், நேரம் பார்க்கத்தான் முடியாது! உருகிய பித்தளை உறையும்போது சுருங்கும். விளக்கென்றால் அரம் போட்டுச் சரிசெய்யலாம். மயிரிழைப் பல்லுக்கு எந்த அரத்தைப் போடுவது?

அதற்கென்றே ஒரு பொருள் இருக்கிறது: உலோகக் கண்ணாடி. சாதாரண உலோகம் உறையும்போது அணுக்கள் எசல பெரஹரா போல ஒழுங்காக வரிசை கட்டும். உருகிய கலவையைச் சடுதியாகக் குளிர்வித்தால் அதற்கு அவகாசம் கிடைக்காது. பெரஹரா பார்க்க வந்த கூட்டம் போல நின்ற இடத்திலேயே உறைந்துவிடும். 1960இல் கலிபோர்னியாவில் போல் டூவேயின் குழு தங்கத்தையும் சிலிக்கனையும் கலந்து இதை முதலில் செய்து காட்டியது. அன்று கிடைத்தது மெல்லிய துணுக்குதான். 1990களில் சிர்க்கோனியக் கலவைகள் வந்த பின்னர் சென்ரிமீற்றர் தடிப்பிலும் செய்ய முடிந்தது.

இத்தகைய கலவையைச் சுமார் 400 பாகை செல்சியசுக்குச் சூடாக்கினால் உருகாது, இளகும். அப்போது சிலிக்கன் அச்சில் அழுத்தினால் நுண்ணிய பல்லும் அச்சொட்டாகப் பதியும். சுருக்கமும் மிகக் குறைவு. உருக்கை விட அதிகம் வளைந்து பழைய நிலைக்கு மீளும் என்பதால் நுண்சுருள்வில்லுக்கும் உகந்தது.

ஒரேயொரு நிபந்தனை: சில நிமிடங்களில் வேலை முடியவேண்டும். தாமதித்தால் அணுக்கள் வரிசை கட்டிவிடும், பொருள் நொறுங்கும். “இதோ வாறன்” என்று வெற்றிலை போடப் போகிறவருக்கு இந்தத் தொழில் சரிவராது!