காசு அண்ணாச்சி

அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு வீட்டில் பெரியவர் காலமாகி, பதினாறு முடிந்து, டிரங்குப் பெட்டியைத் திறந்தார்கள் என்றால் அடுத்து காசு அண்ணாச்சிக்கு ஆள் போகும். பெட்டிக்குள் மஞ்சள் பை, பைக்குள் தாத்தா சேர்த்த காசு. திருச்சுழி, நரிக்குடி வீடு என்றால் இலங்கைச் சதமும் மலாயா சென்ட்டும் அதில் கலந்து கிடக்கும். மானம் பார்த்த பூமியை விட்டுக் கப்பலேறியவர்கள் கொண்டுவந்த மிச்சம்.

அண்ணாச்சி சட்டைப்பையில் லென்ஸ், கையில் சின்னத் தராசு. உட்கார்ந்ததும் முதல் கேள்வி:

"தேச்சுப்புட்டீகளா?"

"ஆமா அண்ணாச்சி, புளியும் விபூதியும் போட்டு நாந்தேன் பளபளன்னு ஆக்குனேன்" என்பார் சின்ன மருமகள், பெருமையாக.

அண்ணாச்சி முகம் செத்துப்போகும். களிம்பும் கறுப்பும் அப்படியே இருந்தால் காசு சேர்க்கிறவன் கூடுதல் விலை கொடுப்பான். தேய்த்ததற்கு வெள்ளி எடைதான். இதைச் சொன்னால் மருமகள் அடுப்படிக்குள் போய்விடுவார். காபி வரத் தாமதமாகும்.

பிறகு பிரிப்பார். ராணி, எட்வர்டு, ஜார்ஜ் ரூபாய்கள் ஒரு பக்கம்: எடை 11.66 கிராம், பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெள்ளி. 1940 முதல் அடித்தவை தனி. யுத்தம் வந்து வெள்ளி பாதியாகிவிட்டது. ஒவ்வொரு ஜார்ஜையும் லென்ஸில் பார்க்கும்போது அண்ணாச்சி மூச்சைப் பிடித்துக்கொள்வார். எல்லாப் பையிலும் 1938 இருக்கும், 1940 இருக்கும். அபூர்வமான 1939-தான் அவர் கண்ணில் படமாட்டேன் என்கிறது.

1943-ல் வந்த ஓட்டைக் காலணாக்களை மொத்தமாக ஒதுக்கி, "புள்ளைக அருணாக்கயித்துல கோத்து விடுங்க" என்பார்.

அதற்குள் மூத்தவர் போனை நீட்டுவார். வைஷ்ணவதேவி படம் போட்ட அஞ்சு ரூபாய்க்குப் பத்து லட்சமாம். "அது 2012-ல அடிச்சது தம்பி. ஒங்க தாத்தா அத வச்சு பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்துருப்பாக." தன் பெயரைச் சொல்லி யாராவது பழைய காசுக்குக் கமிஷன் கேட்டால் நம்பாதீர்கள் என்று ரிசர்வ் வங்கியே 2021-ல் எச்சரித்ததையும் சொல்வார். கேட்க ஆள் இருக்காது. எல்லாரும் முற்றத்தில் நிற்பார்கள்.

அங்கே மாப்பிள்ளை, ராமர் பட்டாபிஷேகமும் 1818-ம் போட்ட செப்புக் காசைத் தட்டில் வைத்து, அரிசியை இழுக்கிறதா என்று பார்க்கச் சுற்றிலும் தூவியிருப்பார். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் அப்படியொரு காசே அடிக்கவில்லை என்று அண்ணாச்சி சொல்லச் சொல்ல, குடும்பமே குனிந்து பார்க்கும். அரிசி நகரும். கோழி வந்து கொத்தியதால்.

ஊருக்கெல்லாம் "வித்துருங்க" என்கிறவர் தன் வீட்டில் ஒற்றைக் காசு விற்றதில்லை. கட்டிலுக்கடியில் சாக்கு சாக்காக இருக்கிறது. அண்ணாச்சி வீட்டம்மா பெருக்கப் போனால் விளக்குமாறு நுழையாது. கூலியும் வாங்கமாட்டார். "இந்தத் தேஞ்ச சேதுக்காசு யாருக்கும் ஆகாது" என்று தலையைச் சொறிந்துகொண்டே ஒன்றைக் கேட்டு வாங்கிப் போவார். பார்க்கப்போனால், மனிதருக்கு அதுதான் ஒரே கள்ளத்தனம்.

கடைசியில் காலண்டர் தாளின் பின்பக்கம் கூட்டிப் போட்டு மூத்தவரிடம் கொடுப்பார். மூன்று பங்காக்கினால் ஆளுக்கு ஒரு பிரிட்ஜ்கூடத் தேறாது. மூத்தவர் தாளைத் திருப்பி அன்றைய ராசிபலனையும் படித்துவிட்டு, மரியாதை குறையாமல் கேட்பார்:

"ரொம்ப சந்தோசம் அண்ணாச்சி. மதுரையில வெவரம் தெரிஞ்ச ஆளு யாராச்சும் இருக்காகளா?"