மருமகன் பத்திரிகை போடப் போறாராம்

மருமகனே, நீர் சொந்தமா ஒரு சிற்றிதழ் ஆரம்பிக்கப் போறீருன்னு டீக்கடையில பேசிக்கிட்டாக. ரொம்பச் சந்தோஷம். முன்னே புறா வளர்த்தீரு. அது பக்கத்து ஊர்ல போய்க் குடும்பம் நடத்துது. கேமரா வாங்கினீரு, அதுல எடுத்ததெல்லாம் நம்ம தெரு நாய் படம். இப்போ பத்திரிகை. தப்பே இல்லை. மனுசன்னா ஒரு கிறுக்கு வேணும். அது இல்லாதவன் சாயந்தரமானா அடுத்தவன் திண்ணையில உட்கார்ந்து அவன் உசுரை வாங்குவான். ‘சீட்டாடிக் கெட்டான்’னு ஊர் சொன்னா மாமனுக்குத் தலைகுனிவு. ‘இலக்கியத்துல கெட்டான்’னு சொன்னா நானும் துண்டை உதறித் தோள்ல போட்டுக்கலாம்.

எனக்கு எழுத்து வாசனையெல்லாம் கிடையாது. ஊர்ப்புற நூலகத்துல ஃபேன் ஓடுதேன்னு போய் உட்காருவேன். காத்து வாங்கப் போன இடத்துல கண்ணுல பட்டதைச் சொல்றேன், பிடிச்சா எடுத்துக்கும்.

முதல்ல பேரு. அதை யோசிச்சு யோசிச்சு நீர் தூங்குறதே இல்லைன்னு உம்ம ஆத்தா, அதான் என் தங்கச்சி, அழுதா. பேருக்கா இந்த விசாரம்? 1968-ல சேலத்துல இருந்து ஒரு இதழ் வந்துச்சு, பேரு ‘நடை’. 1970-ல சென்னையில வல்லின எழுத்து ஆறையும் வரிசையா நிப்பாட்டி ‘கசடதபற’ன்னு பேரு வச்சாக. உள்ளே சரக்கு இருந்துச்சு, பேரு தானா நின்னுருச்சு. உம்ம இதழுக்கு நீர் வச்சிருக்கிற பேரைத் தங்கச்சி சொல்ல, நானும் சொல்லிப் பார்த்தேன். பல்செட்டு கழண்டு விழுந்துருச்சு. கொஞ்சம் இளக்கி வையும்.

அடுத்தது தலையங்கம். ‘காலம் எம் தோள்மீது சுமத்திய கடமை’ன்னு ஆரம்பிப்பீரு. காலத்துக்கு வேற வேலை இல்லை, உம்ம தோளைத் தேடிக்கிட்டு அலையுது! போகட்டும். ரெண்டாவது இதழ்ல ‘தவிர்க்க இயலாத காரணங்களால் தாமதம், பொறுத்தருள்க’ன்னு போடுவீரு. மூணாவதுல ‘மே – ஆகஸ்ட்’னு நாலு மாசத்தை ஒரே அட்டைக்குள்ள அடைச்சிருவீரு. நாலாவது வர்றதுக்குள்ள உமக்குக் கல்யாணம் ஆயிரும்; அதுக்கப்புறம் உம்ம வீட்டுல தலையங்கம் எழுதுற அதிகாரம் வேற கைக்குப் போயிரும். அதனால ‘மாத இதழ்’னு மட்டும் அச்சடிக்காதேயும். ‘கையில காசு இருக்கும்போது வரும்’னு போடும். ஒருத்தனும் கேள்வி கேட்க முடியாது.

அட்டை மூலையில ‘தனிச்சுற்றுக்கு மட்டும்’னு மறக்காமப் போடும். பதிவு பண்ணாத சிற்றிதழுக்கெல்லாம் அதுதான் கையில கட்டின காப்பு. அதுல இன்னொரு சௌகரியமும் உண்டு. ஒருத்தரும் வாங்கலைன்னா, நாமதான் ரொம்பப் பேருக்குக் கொடுக்கிறதில்லைன்னு வெளியே சொல்லிக்கலாம்.

அச்சானதும் சொந்தக்காரன், கூடப் படிச்சவன்னு ஒருத்தனையும் விடாமக் கொடுப்பீரு. எல்லாரும் ‘அட்டை பிரமாதம்’பாக. அட்டைக்கு அங்கிட்டு ஒருத்தரும் போகலைன்னு வச்சுக்கும். கடையில போட்ட பிரதிக்குக் காசு வசூலிக்கப் போற பஸ் செலவு, வசூலை விட ஜாஸ்தியா இருக்கும். மனசைத் தளர விடாதேயும். திடீர்னு ஒரு நாள், பேர் தெரியாத ஊர்ல இருந்து ஒருத்தன், ‘பதினாலாம் பக்கம், ரெண்டாவது பத்தி, ஒற்றுப்பிழை’ன்னு கார்டு போடுவான். அவன் மேல கோவப்படாதேயும். பதினாலாம் பக்கம் வரைக்கும் நடந்து வந்தவன் அவன் ஒருத்தன்தான். அவன் இருக்கிற திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போடும்.

கதைக்கு ஆள் தேடணும், கட்டுரைக்குக் கால்ல விழணும், கவிதைக்கு மட்டும் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடணும். அனுப்புற தம்பிமார்கிட்ட, ‘போன இதழ்ல எது பிடிச்சது?’ன்னு ஒரு வார்த்தை கேட்டுப் பாரும். பாதிப் பேர் அதோட நம்பரை மாத்திருவாக.

தனி ஆளா நடத்திக் காட்டின முன்னோடி வேணும்னா சி.சு. செல்லப்பாவைப் பாரும். வத்தலக்குண்டுக்காரர். 1959 ஜனவரியில ‘எழுத்து’ ஆரம்பிச்சாரு. 2000 பிரதிக்கு மேல அச்சடிக்கிறதில்லைன்னு எடுத்த எடுப்புலயே வீறாப்பா அறிவிச்சாரு. அந்தச் சபதத்தை மீற வேண்டிய இக்கட்டு அவருக்குக் கடைசி வரைக்கும் வரவே இல்லை! ஆனா 1970 வரைக்கும் 119 இதழ் கொண்டுவந்துட்டாரு, பாத்துக்கும். புத்தகக் கட்டைத் தானே சுமந்துக்கிட்டுக் கல்லூரி கல்லூரியா ஏறி இறங்கி வித்தாரு. ந. பிச்சமூர்த்தி கவிதைக்கு இடம் கொடுத்து, புதுக்கவிதை நம்ம பாஷையில கால் ஊன வழி பண்ணினாரு. திரிகோணமலையில இருந்து தருமு சிவராமுங்கிற இளவட்டம் எழுதி அனுப்பினதையும் போட்டாரு. அந்த இளவட்டம்தான் பின்னால கவிஞர் பிரமிள். இம்புட்டும் செஞ்ச மனுசன் அதுல காசு பார்க்கலை. 1998-ல காலமானாரு. ‘சுதந்திர தாகம்’ நாவலுக்கு சாகித்திய அகாதமி விருது 2001-ல வந்துச்சு. நம்ம நாட்டுல கௌரவம் நடந்தே வரும் மருமகனே, பஸ் ஏறாது.

சரி, என்னத்தை எழுதுறது? பாண்டிச்சேரியில பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளே துரைக்குத் துபாஷா இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை, 1736-ல நாட்குறிப்பு எழுத ஆரம்பிச்சு, 1761-ல சாகிற காலம் வரைக்கும் எழுதினாரு. எந்தக் கப்பல் வந்துச்சு, எந்தச் சரக்கு எறங்குச்சு, யார் யார்கிட்ட என்ன சொன்னான், துரை சம்சாரம் என்ன வம்பு பண்ணினா, எல்லாம் அதுல இருக்கு. சந்தா கிடையாது, ‘அன்பார்ந்த வாசகர்களே’ கிடையாது. 1846-ல ஒரு பிரெஞ்சுக்காரர் கண்ணுல அது பட்டுச்சு. அப்புறம் 1904-ல இருந்து 1928 வரைக்கும் சென்னை அரசாங்கம் உட்கார்ந்து அதை 12 தொகுதியா இங்கிலீஷ்ல போட்டுச்சு. அந்தக் காலத்துத் தென்னாட்டுச் சரித்திரம் எழுதுறவுக அந்த ஏட்டைப் புரட்டாமத் தப்ப முடியாது. வம்பையே தேதி போட்டு ஒழுங்கா எழுதினா சரித்திரம் ஆயிருது!

நீரோ முதல் இதழ்லயே ‘இருத்தலியல் நெருக்கடி’ எழுதப் போறீராம். உம்ம நெருக்கடி எனக்குத் தெரியாதா? பைக்குக்குத் தவணை பாக்கி. அதை எழுதினாலாவது நாலு பேர் ‘நம்ம கதை’ன்னு படிப்பாக. நம்ம கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020-ல புவிசார் குறியீடு கிடைச்சுது. பாகுப் பதம் பார்க்கிற மனுசருக்கு உம்ம இதழ்ல ஒரு பக்கம் உண்டா? விடியுமுன்ன வேன் ஏறித் தீப்பெட்டி ஆபீசுக்குப் போன பொம்பளைக, இன்னைக்கு நம்ம தெருவுலயே கிழவியா உட்கார்ந்திருக்காக. ஆளுக்கு ஒரு வெத்தலை வாங்கிக் கொடும், ஒரு வருசத்துக்கு எழுதச் சரக்குக் கிடைக்கும். இந்தா இருக்கிற இடைசெவல்ல கி. ராஜநாராயணன் அதைத்தானே செஞ்சாரு? கரிசக்காட்டுச் சனங்க வாய்ல இருந்து விழுந்த வார்த்தையைப் பொறுக்கி அகராதியே போட்டாரு. பள்ளிக்கூடத்தைப் பாதியில விட்ட மனுசனைப் புதுவைப் பல்கலைக்கழகம் கூட்டிக்கிட்டுப் போய்ப் பேராசிரியரா உட்கார வச்சுது. நீர் எம்.ஏ. வேற முடிச்சிருக்கீரு. அந்தக் குறையையும் மீறித்தான் எழுதியாகணும்.

ஆக, என் தீர்ப்பு இதுதான். பத்திரிகையைப் போடும். கடன் வாங்காதேயும், என் தங்கச்சி நகையைத் தொடாதேயும், சம்பளத்துல மிஞ்சுற காசுக்குத் தக்கன பக்கம் வையும். ஊரே படிக்கணும்னு எழுத உட்கார்ந்தா, ஊருக்குப் பிடிக்காதது எதுன்னு பயந்தே கை நின்னுரும். அந்தப் பதினாலாம் பக்கத்துக்காரனை மனசுல வச்சு எழுதும், போதும். எம் பேர்ல ஒரு வருசச் சந்தா எழுதிக்கும். பணம் பருத்தி போட்டதும் தாரேன். ஆயுள் சந்தா மட்டும் வேண்டாம். என் ஆயுளா, உம்ம பத்திரிகை ஆயுளான்னு பின்னால வழக்கு வரும்.