250 கோடி வயதுக்காரர்கள்

ஹைதராபாத்தின் கச்சிபௌலியில் அருங்காட்சியகம் அமைக்க யாரும் மெனக்கெடவில்லை. காட்சிப்பொருள்கள் 250 கோடி ஆண்டுகளுக்கு முன்பே தயார். டிக்கெட் கவுன்டர் கிடையாது, 'தொடாதீர்கள்' என்ற பலகையும் கிடையாது. அந்தப் பலகை இல்லாததுதான் பின்னால் வினையாகிப்போனது.

உலகத்தைப் படைத்து முடித்த கடவுள் மிஞ்சிய கல்லையெல்லாம் தக்காணத்தில் கொட்டிவிட்டுப் போனார் என்றொரு பழங்கதை உண்டு. வேலை முடிந்த மேஸ்திரி, பக்கத்துக் காலிமனையில் செங்கல் உடைசலைக் கொட்டுவாரே, அந்த மாதிரி. நிலவியல்காரர்கள் இதை ஒப்புக்கொள்வதில்லை. பூமிக்கடியில் ஆறி இறுகிய கருங்கல், கட்டம் கட்டமாக விரிசல் விட்டது. விரிசலில் தண்ணீர் இறங்கியது. மூலைகள்தான் முதலில் மக்கும். கல் தோல் தோலாக உரிந்து உருண்டையானது. சுற்றியிருந்த மண்ணை மழை அடித்துக்கொண்டு போக, ஒன்றின் தலைமேல் ஒன்று குந்தியபடி பாறைகள் வெளியே வந்தன. மேலே இருப்பது எப்போது உருளுமோ என்று கீழே நிற்கிற நமக்குத்தான் பதைப்பு. அதற்கு ஒரு கவலையும் இல்லை.

பக்கத்துக் கோல்கொண்டாவில் குதுப் ஷாகி சுல்தான்கள் இந்தப் பாறைகளைச் சம்பளமில்லாத சிப்பாய்களாக்கினார்கள். இரண்டு பாறைக்கு நடுவே இடைவெளியா, அதை மட்டும் அடைத்தால் போதும், மதில் தயார். 1687-இல் ஔரங்கசீப் வந்து எட்டு மாதம் முற்றுகை போட்டார். கல் அசையவில்லை. கடைசியில் உள்ளேயிருந்த அதிகாரி ஒருவர் காசு வாங்கிக்கொண்டு கதவைத் திறந்துவிட்டார். பாறைக்கு லஞ்சம் கொடுக்க ஔரங்கசீப்புக்கே வழி தெரியவில்லை.

அந்த வழியைக் கண்டுபிடித்தது நம் காலம். மாமல்லபுரத்து வெண்ணெய் உருண்டையை வெள்ளைக்கார கவர்னர் ஏழு யானை கட்டி இழுத்தும் நகரவில்லை என்பார்கள். அவரிடம் ஜேசிபி இல்லை, பாவம். 1998-இல் வாஜ்பாய் மாதாப்பூரில் சைபர் டவர்ஸ் என்ற ஐ.டி. வளாகத்தைத் திறந்துவைத்தார். அடுத்த சில ஆண்டுகளில் கச்சிபௌலிவரை மனை விலை மலையேறியது. மலைகள் ஜல்லியாகி இறங்கின. பாறையை உடைத்துக் கட்டிய அடுக்ககத்துக்கு 'ராக்' என்றும் 'ஹில்ஸ்' என்றும் பெயர் சூட்டினார்கள். நன்றி மறக்காத சனம்!

இதற்குச் சற்று முன்னாலேயே, 1996-இல், ஓவியர்கள், புகைப்படக்காரர்கள், நிலவியலாளர்கள் சிலர் 'பாறைகளைக் காப்போம்' என்று சங்கம் ஆரம்பித்திருந்தார்கள். ஊரே கல்லை உடைத்துக்கொண்டிருக்க, இவர்கள் கல்லுக்குப் படம் வரைந்தார்கள், கண்காட்சி வைத்தார்கள், காஜாகூடா மேடுகளில் ஆட்களைக் கூட்டிக்கொண்டு ஏறினார்கள். சிரித்தவர்கள் உண்டு. ஆனாலும் 9 பாறை அமைப்புகள் சட்டப்படி பாரம்பரியப் பட்டியலில் ஏறின. நிஜாம் மாளிகைகளோடு ஒரே வரிசையில் பாறை! வயதில் மூத்தவர் என்பதால் முதல் இடம் கொடுத்திருக்கலாம். அரசாங்கத்தில் சீனியாரிட்டி அப்படியெல்லாம் வேலை செய்வதில்லை.

அந்த ஒன்பதில் 'கரடி மூக்கு' இருப்பது சில்பாராமத்தில். கைவினைக் கிராமத்துக்கு வருகிற கூட்டம் வளையலைப் பேரம் பேசி, கொண்டபல்லி பொம்மையைப் புரட்டிப் பார்த்து, நடனம் பார்த்து, வண்டியை எடுக்கப் போகும் வழியில் மூக்கை எட்டிப் பார்க்கிறது. 'காளான் பாறை' 1974-இல் தொடங்கிய ஹைதராபாத் பல்கலைக்கழகத்தின் பக்கம். நெடுங்காலம் காதலர்களும் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளும்தான் அதன் ரசிகர்கள். 2025-இல் பல்கலைக்கழகத்தை ஒட்டிய காஞ்சா கச்சிபௌலியின் 400 ஏக்கருக்குள் புல்டோசர்கள் நுழைந்ததும் நாடே அந்த இடத்தின் பெயரைத் தெரிந்துகொண்டது. மாணவர்கள் கொதித்தார்கள், மயில்கள் அகவும் காணொளி ஊரெல்லாம் சுற்றியது, ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மரம் வெட்டத் தடை போட்டது. இந்த அமளியில் அரசுத் தரப்பு பெரிய மனது பண்ணி, காளான் பாறை உள்ளிட்ட பாறைகளை அப்படியே விட்டுவைப்போம் என்றது. 250 கோடி வருஷம் தாக்குப்பிடித்த கிழவருக்கு ஒருவழியாக அரசு உத்தரவாதமும் கிடைத்தாயிற்று.