மேல்நோக்கு நாளுக்குக் காத்திருக்கும் அண்ணன்

கோவையில் எந்தச் சாமானும் வாங்கித் தரத் தெரிந்த ஒரு அண்ணன் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. கிரைண்டர், பம்ப்செட், பழைய கார் எதுவானாலும் நாலு பேரைக் கேட்டு, ஆறு கடை ஏறி, பொறுமையாக ரோசனை பண்ணித்தான் வாய் திறப்பார். அந்த வம்சத்தில் சமீப காலமாக ஒரு கிளை செழித்து வருகிறது: டெலஸ்கோப் வாங்கப்போகும் அண்ணன். வாங்கி முடித்தவர்களை இந்தக் கிளையில் சேர்ப்பதில்லை.

பீளமேடு, கணபதி, சிங்காநல்லூர்ப் பக்கத்துப் பேக்கரிகளில் பொழுதோட இவரைப் பார்க்கலாம். ஒரு கையில் டீ. இன்னொரு கையில் செல்போன், அதில் ஒரு எக்செல் பட்டியல்.

“நிலாவுல பள்ளம் தெரியோணும், வியாழன் தெரியோணும், சனி வளையம் தெரியோணும். வால்பாறைக்குக் கார்ல கொண்டுபோறாப்பல சிறுசா இருக்கோணும். அவ்வளவுதானுங் தம்பி” என்பார். கேட்டால் எளிய கோரிக்கைதான்.

இந்த ஆசை பிறந்த தேதி 2019 டிசம்பர் 26. அன்று காலை கங்கண சூரிய கிரகணத்தின் பாதை ஊட்டி, கோவை, ஈரோடு என்று கொங்கு நாட்டை உழுதுகொண்டு போனது. “நம்மூருக்கே வந்து மோதிரம் காட்டிட்டுப் போயிருக்குது. ஒரு மரியாதைக்காவது டெலஸ்கோப் வாங்க வேண்டாமுங்களா?” என்று அன்றைக்கே அறிவித்தார். 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 நிலாவில் இறங்கியதும் ஆசை கடமையாக மாறிவிட்டது. முதல் சந்திரயானை நடத்திய மயில்சாமி அண்ணாதுரை நம் பக்கத்துக் கோதவாடிக்காரர். இறங்குகலனைச் சோதிக்க, நிலா மண்ணுக்குப் பதிலாக இஸ்ரோ பொடித்துப் பரப்பியது நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டிப் பாறை. இரண்டும் உண்மைதான். அதனால் நிலா தனக்கு ஒருவகையில் ஒறம்பரை முறை என்று அண்ணன் நினைத்துக்கொள்வதை நாம் தடுக்க முடியாது.

முதலில் அவரை மயக்கியது ஒரு அட்டைப்பெட்டி. 70 மி.மீ. லென்ஸ் குழாய், பெட்டி மேல் கொட்டை எழுத்தில் 525 மடங்கு. 700 மி.மீ. குவியத்தூரம் உள்ள குழாயில் 4 மி.மீ. கண்லென்ஸைப் போட்டால் 175 மடங்கு. நடுவில் மும்மடங்கு பார்லோ லென்ஸைச் செருகினால் 525. கணக்கு சரி, காட்சிதான் வராது. முன்லென்ஸின் அகலத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு இரண்டு மடங்கு என்பதுதான் பொதுவான வரம்பு. 70 மி.மீ.க்கு 140. அதற்கு மேல் முறுக்கினால் வியாழன் பெரிதாகும், கூடவே மங்கிக் கலங்கும். நேம் பிளேட்டில் 5 எச்.பி. என்று போட்டிருக்கும் மோட்டாரை, ஆம்பியர் மீட்டர் வைத்து லோடு பார்க்காமல் பணம் எண்ண மாட்டாத மனுஷன், பெட்டியில் போட்ட 525-ஐ மட்டும் அப்படியே நம்பினார். காவலூரில் 1986-இல் திறந்த பெரிய தொலைநோக்கியைப் பற்றிப் பேசுகிறவர்கள் 2.34 மீட்டர் என்று ஆடியின் அகலத்தைத்தான் சொல்வார்கள் என்றேன். “அப்ப எத்தனை மடங்குன்னு அவங்களுக்கே தெரியாதுங்களா?” என்று பரிதாபப்பட்டார்.

1610-இல் கலிலியோ வியாழனின் நான்கு நிலாக்களைக் கண்டது ஏறத்தாழ 20 மடங்கில். இதைச் சொன்னால் அண்ணனுக்குக் கலிலியோ மேல் மரியாதை குறைகிறது.

அடுத்த பருவம் ஸ்டாண்டு. ஈக்வடோரியல் மவுண்ட்தான் உசத்தி என்று யாரோ ஏற்றிவிட்டார்கள். அதன் அச்சைத் துருவ நட்சத்திரத்தை நோக்கித் திருப்ப வேண்டும். கோவை இருப்பது 11 டிகிரி அட்சரேகையில். எனவே துருவ நட்சத்திரமும் வடக்கே அடிவானத்திலிருந்து 11 டிகிரி உயரத்தில்தான் தொங்கும். அந்த இடத்தில் பக்கத்து வீட்டுத் தண்ணித் தொட்டி நிற்கிறது. போதாக்குறைக்கு, குளிர்நாட்டு வானத்துக்காகச் செய்த சில மவுண்டுகளை இவ்வளவு தாழ்த்தினால் எதிர்எடை முக்காலியின் காலில் போய் இடிக்கும். வேறு ஊர்க்காரன் என்றால் இத்தோடு விட்டிருப்பான். ஜி.டி. நாயுடு பிறந்த மண்ணில் அப்படி விடுவார்களா? லேத்துப் பட்டறையில் அளவு கொடுத்து, பவுண்டரியில் வார்த்து, சிறிய டெலஸ்கோப்புக்கான ஸ்டாண்டு ஒன்றை வார்ப்பிரும்பிலேயே செய்துவிட்டார். டெலஸ்கோப் இன்னும் வாங்கவில்லை. ஸ்டாண்டு போர்டிகோவில் நிற்கிறது, செருப்பு வைக்க வசதியாக இருக்கிறது.

“ஏனுங், இதை ஆரு மாடிக்குத் தூக்கறது?” என்று அண்ணி கேட்டார். இந்த விஷயத்தில் இதுவரை யாரும் கேட்ட கேள்விகளில் உருப்படியானது அது ஒன்றுதான். எக்செல்லில் அதற்குக் கட்டம் இல்லை.

பருவகாலமும் அண்ணனுக்கு ஒத்துழைப்பதில்லை. ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே காற்றும் மேகமும் சேர்ந்து வரும். அம்மி பறக்கிறதோ இல்லையோ, முக்காலி ஆடும். தை முதல் பங்குனி வரை வானம் தெளிவு. ஆனால் அப்போது முகூர்த்தம், மார்ச் கணக்கு முடிப்பு, மாரியம்மன் நோம்பி. சரி, எப்போதுதான் ஆரம்பிப்பது? தினக்காலண்டரைக் கிழித்துக் கிழித்துப் பார்த்து, முதல் பார்வைக்குப் பௌர்ணமி வேண்டும், அது மேல்நோக்கு நாளாகவும் இருக்க வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறார். வானம் பார்க்க மேல்நோக்கு நாள் என்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. பௌர்ணமிதான் தப்பு. அன்றைக்கு வெயில் நிலாவின் முகத்தில் நேராக விழுவதால் நிழலே இருக்காது. பள்ளமும் மேடும் ஒன்றாகிக் கண் கூசும். பள்ளம் பார்க்கத் தோதான நாட்களில் முதலிடம் வளர்பிறை அஷ்டமிக்கு. பாதி நிலாவின் ஒளி எல்லையில் மலைகளின் நிழல் நீண்டு விழும். பொழுது சாயும்போதே நிலா உச்சிக்கு வந்திருக்கும், தூக்கமும் கெடாது.

“அஷ்டமியிலயா? ஏந் தம்பி, வெளங்குமா?” என்று எழுந்தே போய்விட்டார்.

சனி விவகாரம் இதைவிடச் சிக்கல். 30 மடங்கு இருந்தாலே வளையம் தெரியும் என்று அவருடைய அம்மாவிடம் ஆசையாகச் சொல்லியிருக்கிறார். “ஏஞ்சாமி, அதுபாட்டுக்கு நம்மளைப் பாக்கறது போதாதா? நாம வேற குழாய் வச்சுத் தேடிப்போய்ப் பாக்கோணுமா?” என்றுவிட்டார் அந்தம்மா. அத்துடன் 2025-இல் வளையம் பூமிக்கு விளிம்பைக் காட்டி, கோடாக மெலிந்தது. ஏறத்தாழ 15 வருஷத்துக்கு ஒருமுறை நடப்பதுதான். பிறகு மெல்ல விரியும். அண்ணனுக்கு இது போதாதா? “இப்ப வாங்குனா நட்டமுங். வளையம் நல்லா விரியட்டும்” என்று பவுன் விலைக்குக் காத்திருப்பவர் தோரணையில் சொல்கிறார்.

இதற்கிடையில் அவருடைய மச்சினன் மகள், எட்டாம் வகுப்பு, பெட்டியில் 525 போட்ட அதே 70 மி.மீ. குழாயை வாங்கிவிட்டாள். பார்லோவைத் தூக்கி டிராயரில் போட்டாள். சூரியனைப் பார்க்கக் கண்லென்ஸில் திருகிக்கொள்ளும் கறுப்புக் கண்ணாடி ஒன்று கூட வந்ததாம். சூட்டில் வெடித்தால் கண் போய்விடும் என்று அதைக் குப்பையில் எறிந்தாள், கெட்டிக்காரி. நம் ஊரில் கோள்கள் தலைக்கு நேர்மேலேயே ஏறிவிடும். கழுத்து ஒடியாமல் குனிந்து பார்க்க ஒரு டயகனல் கண்ணாடியும், 25, 10 மி.மீ. கண்லென்ஸ் இரண்டும் போதும் என்கிறாள். வெயில் குடித்த மொட்டை மாடி சூட்டைக் கக்கி முடியும்வரை படம் நெளியும் என்பதால், வியாழனைத் தோட்டத்துச் சாளை வாசலில் மண் தரையில் வைத்துப் பார்க்கிறாள். அண்ணனும் ஒருநாள் போய், ஒரு கண்ணை மூடி வெகுநேரம் பார்த்தார். நாலு நிலாவையும் எண்ணினார். நிமிர்ந்ததும் முதலில் கேட்டது: “என்ன வெலை அம்மிணி? இன்னும் கொறைச்சுக் கேட்டிருக்கலாமல்ல?”

என் தீர்ப்பு இது. வால்பாறைக்கும் வரவேண்டும், வியாழனும் தெரிய வேண்டும் என்றால் 70, 80 மி.மீ. லென்ஸ் குழாய் போதும். கொஞ்சம் கூடப் பணம் இருந்தால் 90 மி.மீ. மக்சுடோவ், 1250 மி.மீ. குவியத்தூரத்தை ஒரு முழத்துக்குக் குறைவான குழாயில் மடக்கி வைத்திருப்பார்கள். எதை வாங்கினாலும் மிச்சப் பணத்தை ஆடாத ஸ்டாண்டில் போடுங்கள். கடையிலேயே ஒரு கையில் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறிப் பாருங்கள். மூச்சு வாங்கினால் அது வேண்டாம். வாங்கிய கையோடு, வருகிற வளர்பிறை அஷ்டமியன்று சாயங்காலம் தெருப் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். அண்ணனையும் கூப்பிடுங்கள், அஷ்டமி என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.